பறவைக்குப் பேன் பார்த்தவர்கள்

பேனைப் பெருமாளாக்குகிறவன் என்று ஊரில் ஒருவரைச் சொன்னால் அது பாராட்டு இல்லை. எம்.ஃபில். ஆய்வுக்குப் பாட்டுப் பறவைகளின் உடம்பில் வாழும் பேன்களை எடுத்துக்கொண்டேன் என்றதும், அந்தப் பழமொழியை என்னிடம் சொல்லாத உறவுக்காரர் கிடையாது. அப்பா மட்டும் சொல்லவில்லை. "அதுக்கு உத்தியோகம் உண்டா?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். எண்பதுகளின் பிற்பகுதி அது. விலங்கியல் படித்தவர்கள் இறால் வளர்ப்பு, பட்டுப்புழு, மீன் நோய் என்று பிழைக்கிற வழி பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் சாரிடம் சேர்ந்தவர்களுக்கு மட்டும் பேன்.

சார் கோழிப் பேனில் ஆரம்பித்தவர். பண்ணைக் கோழிகளைப் பற்றிச் சில கட்டுரைகள் எழுதிவிட்டுக் காட்டுப் பறவைகள் பக்கம் திரும்பிவிட்டார். "கோழிக்குப் பேன் பார்க்க டாக்டர் இருக்காரு. குருவிக்கு யாருய்யா இருக்கா?" என்பார். அவருடைய மேசை இழுப்பறையில் வெற்றிலைச் சீவலுக்கு அருகிலேயே ஸ்லைடு பெட்டிகளும் இருக்கும். பாட்டுப் பறவை என்றால் குயில்தானே என்று நான் முதல் நாள் கேட்டேன். குயில் அந்த வரிசையில் சேராது, காக்கை சேரும் என்றார். பாடுகிற குயிலை வெளியே நிறுத்திவிட்டுக் கரைகிற காக்கையைப் பாட்டுப் பறவை ஆக்குகிற இந்த வகைப்பாட்டின்மீது எனக்கு இன்றுவரை ஒரு சிறு மனத்தாங்கல் உண்டு. கரிச்சான், மைனா, சின்னான், கீச்சான், சிட்டு, தேன்சிட்டு, தூக்கணாங்குருவி எல்லாம் காக்கையோடு ஒரே வரிசையில் வருபவை.

பறவை கைக்கு வராமல் பேன் கைக்கு வராது. அதற்காக நாங்கள் போன இடம் கோடியக்கரை. அங்கே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளுக்கு வளையமிடும் பணியைச் செய்துகொண்டிருந்தார்கள். கோடியக்கரை என்றதும் எல்லோருக்கும் உப்பங்கழியில் நிற்கும் பூநாரைதான் நினைவுக்கு வரும். எங்களுக்குத் தேவைப்பட்டது அதன் காடு. பாலை மரங்கள் நெருங்கி நிற்கும் அந்த வறண்ட பசுமைக் காட்டுக்குள் மழைக்கு முன்னும் பின்னுமாக வடக்கிலிருந்து சின்னப் பறவைகள் வந்து இறங்கும். பழுப்புக் கீச்சான், அரசவால் ஈப்பிடிப்பான், கொடிக்கால் வாலாட்டி, ஆறுமணிக்குருவி. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நைலான் வலையை மரங்களுக்கு நடுவே கட்டி வைத்துவிட்டால், விடியற்காலையில் அவை வந்து விழும்.

அந்த வளையமிடும் வேலைக்குப் பின்னால் ஓர் ஒட்டுண்ணிக் கதை இருக்கிறது. 1957இல் அன்றைய மைசூர் மாநிலத்தில், சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. சுற்றியிருந்த ஊர்களில் காய்ச்சல் கண்டு மனிதர்களும் இறந்தார்கள். உண்ணி கடித்துப் பரவுகிற வைரஸ் என்று தெரிந்தது. அது சைபீரியாவின் ஓம்ஸ்க் காய்ச்சல் வைரஸுக்கு நெருங்கிய உறவு என்று தெரிந்ததும், வலசை வரும் பறவைகள் உண்ணியோடு சேர்த்து நோயையும் சுமந்து வந்திருக்குமோ என்ற சந்தேகம் கிளம்பியது. சாலிம் அலியின் தலைமையில், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, பறவைகளைப் பெருமளவில் பிடித்து வளையம் மாட்டும் திட்டம் அப்படித்தான் உருவானது. பறவைகள்மீது பழி உறுதியாகவில்லை. ஆனால் அவற்றின் வலசைப் பாதைகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்தச் சந்தேகம் போட்ட பிச்சை. உண்ணிக்கு இருந்த அந்த மரியாதை பேனுக்குக் கிடைக்கவில்லை. பறவைப் பேன் மனிதருக்கு ஒரு நோயும் தருவதில்லை. ஆகவே அதைத் தேடச் சொல்லி யாரும் பணமும் தரவில்லை.

நாங்கள் அனுமதி வாங்கிக்கொண்டு, வளையமிடுகிறவர்களின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டோம். வலையிலிருந்து பறவையை விடுவிக்க எங்களை விடமாட்டார்கள், விடவும் கூடாது. கால் நகம் எந்தக் கண்ணியில் எப்படிச் சிக்கியிருக்கிறது என்று பார்த்துப் பிரிப்பது பல வருடக் கைப்பழக்கம். பீகாரிலிருந்து வந்த மீர்ஷிகார்கள் அந்தக் கலையில் மன்னர்கள். பரம்பரையாகப் பறவை பிடிப்பது அவர்கள் தொழில். பறவையை எடுத்துத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். எடை, இறக்கை நீளம், வளைய எண் எல்லாம் பதிவான பிறகு, பறக்கவிடுவதற்கு முன் இரண்டு மூன்று நிமிடம் எங்களுக்கு. வலை கட்ட உதவிக்கு வரும் உள்ளூர் அண்ணன் ஒருவர் முதல் நாள் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, குருவிக்குப் பேன் பாக்கவா படிச்சீங்க? எங்க ஆத்தா இதைப் படிக்காமலே பாக்குமே" என்றார். பிற்பாடு எங்கள் ஆளாகவே மாறிவிட்டார். "இந்தக் கீச்சான்ல இருக்கு பாருங்க" என்று பையைத் தூக்கிக் காட்டுமளவுக்கு அவருக்குக் கண் பழகிவிட்டது.

பார்க்கிற முறை இது. பறவையின் கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வரும்படி, முதுகு உள்ளங்கையில் படியப் பிடிக்க வேண்டும். அழுத்தக் கூடாது, நெஞ்சு விம்ம இடம் இல்லாவிட்டால் மூச்சு நின்றுவிடும். தொண்டையிலும் பிடரியிலும் வாயால் ஊதினால் இறகு பிளந்து தோல் தெரியும். ஈர் இருந்தால் அங்கேதான் இருக்கும், இறகுத் தண்டின் அடியில், பசை போட்டு ஒட்டியது மாதிரி வெள்ளையாக. காரணம் எளிது. பறவை தன் அலகால் உடம்பு முழுக்கக் கோதிக்கொள்ளலாம், தன் தலையைக் கோத முடியாது. காலால் சொறியலாம், அவ்வளவுதான். ஜோடியாக உட்கார்ந்து ஒன்றின் தலையை மற்றொன்று கோதிவிடும் சில்லைகளுக்கு அந்தக் கவலை கொஞ்சம் குறைவு.

அடுத்து இறக்கையை வெளிச்சத்துக்கு நேராக விரித்துப் பார்ப்போம். புதிதாக வருகிறவர்கள் ஏமாறுகிற இடம் இது. இறகுத் தண்டை ஒட்டி வரிசை வரிசையாகப் பொடிப் பொடியாய்த் தெரிவதைப் பார்த்ததும் "ஐயோ எவ்வளவு பேன்!" என்பார்கள். அவை பேன்களே அல்ல. இறகுச் சிற்றுண்ணிகள், சிலந்திச் சாதி, எட்டுக் கால். பேனுக்கு ஆறு கால், அது அப்படி அணிவகுத்து நிற்காது. இரண்டு இறகிழைகளுக்கு நடுவே உடம்பை நுழைத்துக்கொண்டு தனியாகக் கிடக்கும், அல்லது வெளிச்சம் பட்டதும் ஓடி மறையும். இப்போதெல்லாம் கைப்பேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்பி "சார், இது என்ன?" என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் எழுதுகிற பதில், காலை எண்ணுங்கள் என்பதுதான். பாதிப் பேருக்கு அதற்கு மேல் பதில் தேவைப்படுவதில்லை.

கண்ணால் பார்த்து எடுப்பது போதாது. வெள்ளை எனாமல் தட்டு ஒன்றின்மேல் பறவையைப் பிடித்துக்கொண்டு, கண்ணிலும் மூக்கிலும் படாமல், பைரித்ரம் பொடியை இறகுக்குள் தடவிக் கோதிவிட வேண்டும். சாமந்திக் குடும்பத்துப் பூவிலிருந்து எடுக்கிற பொடி அது. பறவைக்குக் கெடுதல் இல்லை, பேனுக்கு நரம்பு தளர்ந்து பிடி விட்டுப்போகும். அந்த வெள்ளைத் தட்டில் தூசி, இறகுத் துணுக்கு, தோல் செதில் இவற்றோடு ஒன்றரை மில்லிமீட்டர் நீளத்தில் பழுப்பாக ஏதோ ஒன்று நகர்ந்தால் அன்றைய காலை நல்ல காலை. பெரும்பாலான பறவைகளில் ஒன்றும் இருக்காது. பேன்கள் எல்லாப் பறவைகளிலும் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டு வாழ்வதில்லை. பத்துப் பறவை சுத்தமாக இருக்கும், பதினோராவது பறவையில் கொத்தாகக் கிடக்கும்.

அப்படிக் கொத்தாகக் கிடந்த ஒரு சின்னான் இன்னும் கண்ணில் நிற்கிறது. மேலலகும் கீழலகும் கத்தரிபோல் குறுக்காக வளர்ந்திருந்தது. எப்படியோ பழத்தை விழுங்கிப் பிழைத்துக்கொண்டிருந்தது, ஆனால் கோதிக்கொள்ள முடியாது. கழுத்தை ஊதியதும் தோல் முழுக்க அசைந்தது. பல பறவைகளுக்கு மேலலகின் நுனி கீழலகைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளைந்து நிற்கிறதே, அது இரை பிடிக்க மட்டும் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தின் டேல் கிளேட்டனும் கூட்டாளிகளும் புறாக்களில் அந்த நுனியை மட்டும் சீவிவிட்டுப் பார்த்தார்கள். புறா தின்பதில் குறைவில்லை, பேன்கள் பெருகிவிட்டன. நுனி வளர்ந்ததும் பேன்கள் குறைந்தன. அந்த ஆய்வு 2005இல் வெளிவந்தபோது நான் நினைத்துக்கொண்டது அந்தச் சின்னானைத்தான்.

தட்டிலிருந்து பேனை எடுக்கச் சாமணம் உதவாது, கால் ஒடியும், மயிர் உதிரும். மயிர் போனால் பெயர் போச்சு. ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தூரிகை நுனியால் தொட்டெடுத்துக் குப்பிக்குள் விட வேண்டும். குப்பிக்குள்ளேயே ஒரு சின்னச் சீட்டு: பறவை, வளைய எண், இடம், தேதி, எடுத்தவர் பெயர். பென்சிலில். இந்தப் பென்சில் விஷயத்தில் சார் காட்டிய கண்டிப்பை அப்போது கிறுக்கு என்றுதான் நினைத்தோம். பிறகு ஒருநாள் வேறோர் ஊரிலிருந்து ஒருவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த குப்பிகளைப் பெட்டியோடு அனுப்பிவைத்தார். உள்ளே ஆல்கஹால் நீலமாக இருந்தது. மைப்பேனாவால் எழுதிய சீட்டுகள் வெளுத்து வெறும் காகிதமாகிவிட்டிருந்தன. பேன்கள் அழகாகத்தான் இருந்தன. எந்தப் பறவையில் எடுத்தது என்று தெரியாத பேனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சில காலைகளில் பேனைவிடச் சுவாரசியமான விருந்தாளி வரும். பறவையைப் பையிலிருந்து எடுத்ததும் இறகுக்குள்ளிருந்து தட்டையான ஈ ஒன்று பக்கவாட்டில் ஓடிவந்து, பறந்து, யாருடைய தலைமுடிக்குள்ளாவது புகும். பேன் ஈ என்று அதற்குப் பெயர், பறவை ரத்தம் குடிக்கும். அதைத் தேடிப் பிடிக்க அண்ணன்தான் சரியான ஆள். ஒரு தடவை அவர் பிடித்துக் கொடுத்த ஈயைக் கைலென்ஸில் பார்த்தபோது, அதன் வயிற்று மயிரைத் தாடையால் கவ்விக்கொண்டு ஒரு பேன் தொங்கியது. பேனுக்குச் சிறகில்லை, பறவை விட்டுப் பறவை போக உடம்பும் உடம்பும் உரச வேண்டும், அல்லது தாய் குஞ்சை அணைக்க வேண்டும். ஈயைப் பிடித்தால் பயணச்சீட்டு இல்லாமல் வேறு பறவைக்குப் போய்விடலாம். வேறு சாதிப் பறவைக்கும் போய்விடலாம் என்பதுதான் எங்களுக்குத் தலைவலி.

ஊருக்குத் திரும்பியபின் சமையல் வேலை. வயிற்றில் மெல்லிய ஊசியால் ஒரு துளை போட்டுப் பேனைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறப் போட்டால் உள்ளிருக்கும் சதை கரைந்து, கூடு மட்டும் கண்ணாடியாய் நிற்கும். கழுவி, படிப்படியாக ஆல்கஹாலில் ஈரம் போக்கி, கிராம்பு எண்ணெயில் தெளியவிட்டு, கனடா பால்சத்தில் கால்களைப் பரப்பிப் படுக்கவைத்துக் கவர்ஸ்லிப் மூடுவோம். கிராம்பு எண்ணெய் வாடை ஆய்வகத்தைத் தாண்டி வராந்தாவரைக்கும் வரும். பல்வலிக்காரர்கள் எங்கள் அறைக்கு வந்து ஒரு சொட்டுப் பஞ்சில் வாங்கிக்கொண்டு போவதுண்டு. ஸ்லைடு காய வாரக்கணக்கில் ஆகும். காய்வதற்குள் திருப்பினால் பேன் சாய்ந்துவிடும்.

மைக்ராஸ்கோப்பில் வைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது உணர்கொம்பு. தலைக்கு இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டு தெரிந்தால் இஸ்க்னோசெரா வகை. தலைக்கு அடியில் ஒரு குழிக்குள் மடங்கி ஒளிந்திருந்தால் ஆம்ப்ளிசெரா. முன்னது இறகோடு ஒட்டி வாழ்வது, இறகையே தின்பது. பின்னது தோலில் ஓடித் திரிவது, சிலது ரத்தமும் குடிக்கும். பறவை செத்தால் ஆம்ப்ளிசெரா நடந்தே வெளியேறப் பார்க்கும், இஸ்க்னோசெரா பிடித்த இறகோடு சாகும். இவ்வளவு தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பிறகு தலையின் வடிவம். முக்கோணப் பெருந்தலையும் உருண்டை உடம்புமாக இருந்தால் ஃபிலாப்டெரஸ், பறவையின் தலையிலும் கழுத்திலும் குடியிருப்பது. அலகு எட்டாத இடத்தில் வாழ்வதால் அதற்கு ஓடவேண்டிய அவசியம் இல்லை, குண்டாக இருக்கலாம். ஒல்லியாக நீண்டிருந்தால் ப்ரூயிலியா கூட்டம். ஆம்ப்ளிசெராவில் தலையின் அடிப்பக்கம் முள்போன்ற இரண்டு நீட்சிகள் தெரிந்தால் மெனகாந்தஸ். வயிற்றின் முன்பகுதியில் இருபுறமும் தடித்த முட்கள் கொத்தாக இருந்தால் மிர்சிடியா, காக்கையிலும் மைனாவிலும் கட்டாயம் தேட வேண்டியது. மற்றவற்றைவிடக் கண்ணில்படப் பெரியதாய், ரத்தம் குடித்துக் கறுத்திருந்தால் ரிசினஸ். இதுவரைக்கும் ஒரு வாரத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். இனத்தின் பெயர் சொல்ல வேண்டும் என்றால்தான் ஆண் பேனின் பிறப்புறுப்பைப் பெரிதாக்கி, வரைந்து, மயிர்களை ஒவ்வொரு கண்டத்திலும் எண்ண வேண்டும். கிடைத்தது குஞ்சுப் பேனாக இருந்தால் அதுவும் கிடையாது. மூன்று முறை தோலுரித்து முழுப் பேனாக ஆனதற்குத்தான் பெயர் சொல்ல முடியும்.

எங்களிடம் இருந்த வேதநூல் ஹாப்கின்ஸும் தெரசா கிளேயும் 1952இல் வெளியிட்ட பேன் பட்டியலின் ஜெராக்ஸ். இடுக்கெல்லாம் கறுப்படித்த பிரதி. பேரினங்களும் இனங்களும், ஒவ்வொன்றும் முதலில் எந்தப் பறவையில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பும் அதில் உண்டு. எங்களுக்கு முன்னால் படித்த யாரோ அதைத் திருப்பிப் போட்டு, பறவைவாரியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். மைனாவா? பக்கத்தைப் புரட்டு, இன்ன இன்ன பேன். துறையில் எல்லோருக்கும் பிடித்த நோட்டு அது. சார் அதைப் பூட்டி வைத்தார்.

ஏன் என்றால், கீச்சானில் எடுத்தது, ஆகவே கீச்சான் பேன். கீச்சான் பேன் எது? கீச்சானில் எடுப்பது. இப்படியே சுற்றிக்கொண்டிருந்தால் ஸ்லைடைப் பார்க்காமலே ஆய்வேடு எழுதிவிடலாம். அப்படி எழுதப்பட்டவை இருக்கத்தான் செய்கின்றன. சார் ஸ்லைடின் சீட்டின்மேல் காகிதம் ஒட்டி மறைத்துத்தான் எங்களிடம் தருவார். பேனைப் பார்த்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் காகிதத்தை உரிப்பார். நானறிந்த வரையில் பேன் ஆய்வுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

ஒரு தடவை அப்படி மூடித் தந்த ஸ்லைடில் குச்சியாய் நீண்ட, பளிச்சென்ற ஒரு பேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கொலம்பிகோலா, புறாக்களின் இறக்கைப் பேன், அதைத் தவறவிட யாராலும் முடியாது. காகிதத்தை உரித்தால் பழுப்புக் கீச்சான் என்றிருந்தது. வெளியிலிருந்து வந்த சேகரிப்பு அது. கீச்சான் புறாவைத் தின்னுமா, புறாவின் கூட்டில் உட்கார்ந்ததா, ஈ தூக்கிக்கொண்டு போனதா என்று எங்களுக்குள் ஒரே விவாதம். சார் அந்த ஊருக்குக் கடிதம் போட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: அன்று காலை அந்தப் பையில் முதலில் இருந்த பறவை எது? புள்ளிப் புறா என்று பதில் வந்தது. ஒரே துணிப்பையை நாள் முழுக்கப் புழங்கியிருக்கிறார்கள். நோட்டைப் பார்த்து எழுதுகிற ஆளாயிருந்தால் அந்தப் பேனைக் கீச்சான் கணக்கில் புது இனமாக அறிவித்திருப்பார்.

பறவையின் பெயரைக் கொண்டு பேனின் பெயரைச் சொல்லக் கூடாது என்பதற்கு இயற்கையே சாட்சி வைத்திருக்கிறது. மெனகாந்தஸ் யூரிஸ்டெர்னஸ் என்கிற பேன் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுப் பறவை இனங்களில் வாழ்கிறது. சிட்டிலும் உண்டு, மைனாவிலும் உண்டு. அதே மைனாவில் ஓடும் மிர்சிடியா இன்வேடென்ஸ் மைனா கூட்டத்தை விட்டு விலகாதது. இதில் வேடிக்கை, நம் வீட்டு முற்றத்து மைனாவின் அந்தப் பேனுக்கு முதலில் பெயர் வைத்தது ஹவாய்த் தீவுப் பறவைகளின் பேன்களை ஆராய்ந்த கெல்லாக், சாப்மன் என்ற இரு அமெரிக்கர்கள், 1902இல். பயிர்ப் பூச்சியை ஒழிக்கவென்று 1865இல் இந்தியாவிலிருந்து ஹவாய்க்குக் கொண்டுபோன மைனாக்கள் தங்கள் பேனையும் கூடவே கொண்டுபோயிருந்தன. இங்கே கோடிக்கணக்கான மைனாக்கள் இருக்க, ஒருவரும் பார்க்காத பேனைப் பசிபிக் சமுத்திரத்தின் நடுவே வாழ்ந்த மைனாக்களில் பார்த்தார்கள்.

நம்மவர்களும் பார்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானில் இருந்த அன்சாரி, ஐம்பதுகளில் இந்தத் துணைக்கண்டத்துப் பாட்டுப் பறவைகளின் ப்ரூயிலியா பேன்களை ஒவ்வொன்றாக விவரித்தார். தூக்கணாங்குருவியின் ப்ரூயிலியாவுக்கு 1968இல் பெயர் வைத்தவர் கே.வி. லட்சுமிநாராயணா. அவர் எழுதிய கட்டுரைகளின் பிரதிகளுக்காக நாங்கள் தபால்கார்டு போட்டுக் காத்திருந்ததுண்டு. பிற்பாடு 2017இல் கஸ்டாஃப்சனும் சாரா புஷ்ஷும் ப்ரூயிலியா கூட்டத்தையே நானூறு பக்கத்துக்கு மேல் எழுதிப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். நாங்கள் ப்ரூயிலியா என்று எழுதிய பலவும் இப்போது வேறு பேரினங்களில் இருக்கின்றன. என் ஆய்வேட்டின் பெயர்ப் பட்டியல் காலாவதி. ஸ்லைடுகள் காலாவதி ஆகவில்லை. சீட்டு சரியாக இருப்பதால் எடுத்துப் பார்த்துப் புதுப் பெயர் எழுதிக்கொள்ளலாம்.

சீட்டு பொய்யாக இருந்தால்? தெரசா கிளேயின் உறவினர், பேன் ஆய்வில் அவருடைய துணைவர், கர்னல் மைனர்ட்ஸ்ஹாகன். பறவைகளையும் பேன்களையும் மலைமலையாகச் சேர்த்து லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, அந்தப் பறவைகளில் பல வேறு சேகரிப்புகளிலிருந்து திருடியவை, இடமும் தேதியும் இட்டுக்கட்டியவை என்று வெளிப்பட்டது. 1914இல் குஜராத்தில் சுட்டதாக அவர் எழுதிவைத்த காட்டுச் சிற்றாந்தையை நம்பித் தேடியவர்களுக்கு அந்த ஆந்தை கிடைக்கவேயில்லை. அந்தச் சீட்டு பொய் என்று கண்டுபிடித்த பமீலா ராஸ்முசென், உண்மையான பழைய சீட்டுகள் சொன்ன இடங்களுக்கு 1997இல் போனார். மகாராஷ்டிரத்தில் ஆந்தை உட்கார்ந்திருந்தது. பறவைச் சீட்டில் பொய் எழுதியவரின் பேன் சீட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப என்னால் முடியாது. கிளேயின் உழைப்பின்மீது எனக்கு மதிப்பு உண்டு. 1668இலேயே பறவைப் பேன்களைப் படம் வரைந்து அச்சிட்ட இத்தாலியர் ரெடியிலிருந்து இன்றுவரைக்கும் இந்தத் துறையைத் தூக்கிப்பிடித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்களில் கிளே முதல் வரிசை.

குயிலை வெளியே நிறுத்தியதற்கு ஈடாக ஒன்று. ஐரோப்பாவின் குயில் அடுத்த பறவையின் கூட்டில், வேற்றுத் தாயின் அணைப்பில் வளர்கிறது. ஆனால் பறக்கத் தொடங்கும் குயில் குஞ்சில் வளர்ப்புத் தாயின் பேனைக் காண முடிவதில்லை. பேனே இல்லாமல்தான் கூட்டைவிட்டுக் கிளம்புகிறது. பிற்பாடு பெரிய குயில்களோடு சேரும்போதுதான் அதற்குக் குயில் பேன் வருகிறது. நம் குயிலையும் காக்கையையும் இப்படிப் பார்ப்பது எவ்வளவு நல்ல ஆய்வாக இருக்கும் என்று ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களிடம் சொல்வேன். சிரிப்பார்கள்.

பேன் என்றதும் வீட்டுப் பெண்கள் கேட்கிற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் மைனா கூடு கட்டியிருக்கிறது, பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு, பறவைப் பேனா? இல்லை. பறவைப் பேன் உங்கள் கைமேல் ஊரலாம், தங்கி வாழ முடியாது. கடிப்பது கூட்டில் வாழும் ரத்தம் உறிஞ்சும் சிற்றுண்ணி. குஞ்சுகள் பறந்துபோனதும் பசியில் வீட்டுக்குள் இறங்கும். அப்போது காலிக் கூட்டை எடுத்துச் சுத்தம் செய்தால் போதும். குஞ்சு இருக்கும்போது கலைக்காதீர்கள்.

வளையமிடும் முகாம்களுக்குப் போகும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். பேனுக்காகப் பறவை பிடிக்கச் சொல்லவில்லை, அனுமதி இல்லாமல் பிடிப்பது குற்றம். முறையான அனுமதியோடு வேறு காரணத்துக்காகக் கைக்கு வரும் பறவையைப் பற்றித்தான் சொல்கிறேன். இந்தியாவில் இத்தனை பாட்டுப் பறவைகள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றின் பேன்களை ஒருவரும் எடுத்துப் பார்த்ததில்லை. ஒரு பறவைக்கு ஒரு பை, ஒருமுறை புழங்கியதை வெந்நீரில் போட்டு வெயிலில் காயவைத்த பிறகே மறுபடி. எழுபது சதவீத ஆல்கஹால் எங்கள் காலத்தோடு போகட்டும், டி.என்.ஏ. பார்க்க வேண்டுமானால் தொண்ணூற்றைந்து சதவீதம் வேண்டும். ஒரு பறவைக்கு ஒரு குப்பி. பேன் ஈ கிடைத்தால் அதற்குத் தனிக் குப்பி. பறவையில் ஒன்றும் இல்லையென்றால் இல்லை என்று நோட்டில் எழுதுங்கள், அதுவும் தகவல்தான். சீட்டு குப்பிக்குள்ளேயே இருக்கட்டும், பென்சிலில்.